பழைய ஹாலோவீன் தெருப்படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு அக்டோபரிலும் அதே கறுப்பு வெள்ளைப் படங்கள் வாட்ஸாப்பில் சுற்றி வரும். கோணல் முகமூடி போட்ட நாலு பிள்ளைகள் ஏதோ ஒரு தெருவில் நிற்பார்கள், கீழே "அந்தக் காலத்து ஹாலோவீன், பார்த்தாலே குலை நடுங்குது" என்று யாராவது எழுதியிருப்பார்கள். இந்தப் படங்களைத் தேடிப் பார்ப்பதும் கையில் காசு இருக்கும்போது ஒன்றிரண்டு வாங்கி வைப்பதும் எனக்குப் பல வருடப் பழக்கம். அதனால் தெரிந்தவர்கள் சந்தேகம் வந்தால் என்னிடம் கேட்கிறார்கள், கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். எனக்கு நன்றாகத் தெரிந்தவை அமெரிக்கப் படங்கள், அதிலும் நியூயார்க் படங்கள் என்பதால் அவற்றை வைத்தே பேசுகிறேன்.

ஹாலோவீன் என்றால் என்ன? குழந்தைகள் ஏன் வேஷம் போடுகிறார்கள்?

அக்டோபர் 31ஆம் தேதி இரவு. மறுநாள் கிறிஸ்தவர்களுக்குப் புனிதர் அனைவர் பெருவிழா, அதற்கு முந்தின இரவுதான் ஹாலோவீன். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் அந்த இரவுக்கென்று இருந்த பழக்கங்களை 19ஆம் நூற்றாண்டில் குடிபெயர்ந்தவர்கள் வட அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். ஆனால் பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாகப் போய் "ட்ரிக் ஆர் ட்ரீட்" என்று கேட்டு மிட்டாய் வாங்குகிற வழக்கம் நாம் நினைப்பதைவிட ரொம்பப் புதியது. மிட்டாய் கொடுங்கள், இல்லாவிட்டால் ஏதாவது குறும்பு செய்துவிடுவோம் என்று அதற்கு அர்த்தம். அந்தச் சொல் பத்திரிகையில் வந்த ஆரம்பகால உதாரணங்களில் ஒன்று 1927இல், கனடாவின் அல்பெர்ட்டா மாகாணத்தில் ப்ளாக்கி என்ற சிற்றூரைப் பற்றிய செய்தி. அமெரிக்காவில் 1930களில்தான் பரவியது. இரண்டாம் உலகப் போரின் நடுவில், 1942இல், சர்க்கரைக்கு ரேஷன் வந்ததும் அடங்கிப்போய், 1947இல் ரேஷன் நீங்கின பிறகுதான் நாடு முழுக்க வேகம் பிடித்தது.

அதற்கு முன்னால் ஹாலோவீன் இரவு என்றால் பல ஊர்களில் விடலைப் பையன்களின் அட்டகாசம்தான். வீட்டு கேட்டைக் கழற்றிக் கொண்டுபோய் எங்கேயாவது வைப்பது, ஜன்னல் கண்ணாடியில் சோப்பைத் தேய்ப்பது என்று ஏகப்பட்டது நடக்கும். மினசோட்டா மாநிலத்து அனோகா ஊரில் 1920இல் ஹாலோவீன் ஊர்வலம் ஆரம்பித்ததே இந்தப் பையன்களை வேறு பக்கம் திருப்பத்தான். இந்த வருடங்களை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பதிலுக்கு வேண்டும்.

1910 அளவில் நியூயார்க்கில் எடுத்த ஹாலோவீன் படங்கள் நிறைய வருகின்றனவே, உண்மையா?

படம் உண்மை. பெயர்தான் தப்பு. அவற்றில் பெரும்பாலானவை ஹாலோவீனே கிடையாது, தாங்க்ஸ்கிவிங் நாளில், அதாவது நவம்பர் கடைசியில் வரும் ஒரு வியாழக்கிழமையில் எடுத்தவை. இன்றைக்கு தாங்க்ஸ்கிவிங் என்றால் குடும்பத்தோடு உட்கார்ந்து வான்கோழி சாப்பிடும் நாள். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பின்பகுதியிலிருந்து 1930கள் வரைக்கும் நியூயார்க் பிள்ளைகளுக்கு அதுதான் வேஷம் போடும் நாள். அப்பாவின் கோட்டை மாட்டிக்கொண்டு, அம்மாவின் பாவாடையைக் கட்டிக்கொண்டு, முகத்தில் கரியையோ சாயத்தையோ பூசிக்கொண்டு, தெருவில் போகிறவர்களிடமும் வீட்டு வாசலிலும் "தாங்க்ஸ்கிவிங்குக்கு ஏதாவது கொடுங்க" என்று கை நீட்டுவார்கள். ஒரு சென்ட் காசு, ஆப்பிள், மிட்டாய் ஏதாவது கிடைக்கும். கந்தல் உடுத்திப் பிச்சைக்காரர் மாதிரி வேஷம் போட்ட பிள்ளைகள் அதிகம் என்பதால் "ராகமஃபின் நாள்" என்றே பெயர் வந்துவிட்டது, கந்தல் பிள்ளைகளின் நாள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பிள்ளைகளை நிறையப் படம் எடுத்து வைத்தது ஜார்ஜ் கிரந்தம் பெய்ன் நடத்திய பெய்ன் நியூஸ் சர்வீஸ் என்ற புகைப்படச் செய்தி நிறுவனம். அவர்களுடைய சுமார் 40,000 கண்ணாடி நெகடிவ்கள் இப்போது வாஷிங்டனில் இருக்கும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில், லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் இருக்கின்றன. அங்கே போய்த் தேடினால் இந்தப் படங்களுக்கு "தாங்க்ஸ்கிவிங் மாஸ்கர்ஸ்" என்றுதான் தலைப்பு, அதாவது தாங்க்ஸ்கிவிங் முகமூடிக்காரர்கள். பெய்ன் ஆட்கள் தலைப்பை நெகடிவிலேயே எழுதிவிடுவார்கள், அச்சில் அது படத்தின் விளிம்பில் வெள்ளைக் கையெழுத்தாகத் தெரியும். 2008இல் ஃப்ளிக்கர் தளம் பழைய காப்பகப் படங்களுக்காக ஒரு பகுதி தொடங்கியபோது முதலில் ஏறியவற்றில் பெய்ன் படங்களும் உண்டு, அங்கிருந்துதான் உலகம் முழுக்கப் போயின. போகிற வழியில் யாரோ அந்த விளிம்பை வெட்டிவிட்டார்கள். எழுத்து போனது, நாளும் போனது. அந்தப் பிள்ளைகள் அன்றைக்கு எதற்காகத் தெருவில் நின்றார்கள் என்பதே மாறிப்போய்விட்டது என்பதுதான் எனக்கு வருத்தம்.

இரண்டையும் பார்த்தவுடன் எப்படிப் பிரிப்பது?

நான் முதலில் வெளிச்சத்தைப் பார்ப்பேன். தாங்க்ஸ்கிவிங் பிள்ளைகள் காலையிலேயே கிளம்பிவிடுவார்கள், அதனால் நல்ல பகல் வெளிச்சம் இருக்கும், கடை வீதியில் பெரியவர்கள் நடந்து போய்க்கொண்டிருப்பார்கள். அப்புறம் உடை. பூனை, சூனியக்காரி, பூசணிக்காய் எதுவும் இருக்காது. பையன்கள் நீளப் பாவாடையும் பெண்களின் தொப்பியும் போட்டிருப்பார்கள், சிறுமிகள் அண்ணனின் கால்சட்டையில் நிற்பார்கள். சிலர் கையில் தகர ஊதல் இருக்கும். யாராவது ஒரு பிள்ளை பெரியவரைப் பார்த்துக் கை நீட்டிக்கொண்டிருந்தால், படம் 1930க்கு முந்தையதாகவும் நியூயார்க்காகவும் இருந்தால், கிட்டத்தட்ட நிச்சயம் தாங்க்ஸ்கிவிங்தான்.

அந்த வழக்கம் ஏன் நின்றது?

பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை, அதுதான் முக்கியக் காரணம். பிள்ளைகளைப் பிச்சை எடுக்கப் பழக்குகிறது என்று பத்திரிகைகளும் பாதிரியார்களும் பல வருடம் திட்டினார்கள். 1930இல் நியூயார்க் நகரப் பள்ளிகளின் கண்காணிப்பாளர் வில்லியம் ஓஷே, வேஷம் போட்டுக்கொண்டு பெரியவர்களைத் தொந்தரவு செய்வது நவீன காலத்துக்கு ஒத்துவராது என்று பள்ளிகளுக்கு எழுதினார். அதே சமயம் மேசிஸ் என்ற பெரிய நியூயார்க் கடையின் தாங்க்ஸ்கிவிங் ஊர்வலம் 1924இல் ஆரம்பித்து வருடா வருடம் பெரிதாகிக்கொண்டே போனதால், தாங்க்ஸ்கிவிங் காலையில் வேடிக்கை பார்க்க வேறொன்று வந்துவிட்டது. 1930களின் பொருளாதார மந்தத்தில் நிஜமாகவே பசியோடு இருந்த பிள்ளைகள் தெருவில் நிறைய இருந்தபோது பிச்சைக்கார வேஷம் பார்க்கிறவர்களுக்கு உறுத்தியிருக்கும் என்பது என் ஊகம். வேஷம் மட்டும் சாகவில்லை, அக்டோபர் 31க்கு இடம் மாறிக்கொண்டது. நியூயார்க்கின் புரூக்ளினில் பே ரிட்ஜ் பகுதியில் 1967இலிருந்து ராகமஃபின் ஊர்வலம் ஒன்று நடக்கிறது, பெயராவது அங்கே மிச்சம் இருக்கிறது.

அந்த முகமூடிகள் ஏன் அவ்வளவு பயமாக இருக்கின்றன?

என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் காரணம் படச்சுருள். அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடுகளும் படச்சுருள்களும் நீலத்தையும் பச்சையையும் உணரும், சிவப்பை உணராது. சிவப்பாக இருப்பது எல்லாம் அச்சில் கறுப்பாக விழும். இப்போது ஒரு கோமாளி முகமூடியை நினைத்துப் பாருங்கள். வெள்ளை முகம், கன்னத்தில் ரோஸ் வட்டம், சிவப்பு உதடு, சிவப்பு மூக்கு. நேரில் பார்த்த பிள்ளைக்கு அது பொம்மைக் கடை நிறம். படத்தில் அதே முகம் வெளுத்துப்போய், கன்னத்தில் இரண்டு கறுப்புத் தழும்போடு, வாய் இருக்கும் இடத்தில் கறுப்புப் பள்ளத்தோடு வந்து நிற்கும். சிவப்பையும் உணரும் படச்சுருள் தொழில்முறைக்காரர்களுக்குச் சீக்கிரமே கிடைத்துவிட்டது. ஆனால் வீட்டுக் கேமராக்களுக்கு மக்கள் வாங்கிய கோடக் வெரிக்ரோம் சுருள் 1956 வரைக்கும் சிவப்பை உணராத வகைதான். அதனால் 1940களில் ஒரு அப்பா தன் பிள்ளையை எடுத்த படத்திலும் இந்தக் கறுப்பு உதடு வரும்.

இரண்டாவது, முகமூடி செய்த பொருள். காகிதக்கூழை அச்சில் அழுத்திச் செய்தவை ஒரு வகை. இன்னொரு வகை கஞ்சி போட்டு விறைத்த வலைத்துணியை முக அச்சில் வைத்து அழுத்தி, காய்ந்ததும் மேலே சாயம் தீட்டியது. இந்த வலைத்துணி முகமூடி மலிவு, காற்றும் உள்ளே போகும், ஆனால் மூச்சின் ஈரத்தில் நமத்துப்போய் ஒரு மாலைக்குள்ளேயே தொய்ந்துவிடும். கண்ணிமையும் தாடையும் ஒரு பக்கமாக இறங்கி நிற்பதற்குக் காரணம் அந்த ஈரம்தான், யாரும் அப்படிக் கோரமாகச் செய்ய நினைக்கவில்லை. அதோடு இவற்றில் நிறைய வளர்ந்தவர்களின் முகங்கள், மீசை வைத்த கிழவர், பாட்டி, குண்டுக் கன்னத்து ஆள். மூன்றடி உடம்பின் மேல் அறுபது வயது முகம் உட்கார்ந்திருந்தால் நம் கண்ணுக்கு ஒட்டாது.

மூன்றாவது வெளிச்சம். 1900இல் கோடக் பிரவுனி ஒரு டாலருக்கு வந்தது, அதற்கப்புறம் சாதாரணக் குடும்பமும் கேமரா வைத்திருந்தது. அந்தப் பெட்டிக் கேமராவுக்கு நல்ல வெயில் வேண்டும். அதனால் இருட்டுவதற்கு முன்னாலேயே பிள்ளைகளை வாசலில் சூரியனைப் பார்க்க நிற்க வைத்து எடுப்பார்கள். வெயில் முகமூடியின் நெற்றியில் பளீரென்று விழும், கண் ஓட்டை கிணறு மாதிரி கறுத்துவிடும். உள்ளே ஒரு ஏழு வயதுப் பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாலும் நமக்குத் தெரியாது.

ஆகவே இந்தப் படங்களுக்கு "பேய்ப் படங்கள்" என்று பெயர் வைப்பதை நான் ஏற்றுக்கொள்வதில்லை. கையைப் பாருங்கள், காலைப் பாருங்கள். தம்பியின் கையை இறுக்கிப் பிடித்திருக்கும் அக்கா, கழன்ற சாக்ஸ், மிட்டாய்ப் பையைப் பின்னால் ஒளிக்கும் பையன் என்று உடம்பில் எல்லாம் இருக்கும்.

உடைகளை யார் தைத்தார்கள்?

பெரும்பாலும் அம்மாவோ பாட்டியோ. பழைய படுக்கை விரிப்பு பேய் ஆனது, மாவுச் சாக்கு கோமாளிச் சட்டை ஆனது. கொஞ்சம் வசதி இருந்தவர்கள் க்ரேப் காகிதம், அதாவது சுருக்கம் சுருக்கமாக இருக்கும் மெல்லிய வண்ணக் காகிதம், வாங்கினார்கள். மாசசூசெட்ஸின் ஃப்ரேமிங்ஹாமில் இருந்த டென்னிசன் நிறுவனம் ஆரஞ்சும் கறுப்புமாக, வௌவால், பூனை, சூனியக்காரி அச்சிட்ட க்ரேப் காகிதம் விற்றது. 1909இல் ஹாலோவீன் யோசனைகளுக்கென்றே ஒரு சிறு புத்தகம் போட்டு, பிறகு ஏறக்குறைய வருடா வருடம் போட்டது. எந்தச் சுருக்கத்தை எங்கே தைக்க வேண்டும், தொப்பியை எப்படி மடிக்க வேண்டும் என்பது எல்லாம் அதில் இருக்கும். 1920களின் படத்தில் அடுக்கடுக்காய்ச் சுருக்கம் வைத்த, கொஞ்சம் விறைப்பான பாவாடையும் அதன் ஓரத்தில் வரிசையாகப் பூனைகளும் தெரிந்தால் அது துணியாக இருக்க வாய்ப்பு குறைவு, காகிதம்தான். மழை வந்தால் சாயம் ஒழுகும், மெழுகுவத்தி பக்கத்தில் போனால் பற்றிக்கொள்ளும். அப்படி ஒரு நாள் கூத்துக்கு ஒரு தாய் மூன்று ராத்திரி உட்கார்ந்து தைத்தாள் என்பதை நினைத்தால் எனக்கு மனம் நெகிழும்.

கடையில் வாங்கின உடை எப்போது வந்தது?

1930களிலேயே வந்துவிட்டது, ஆனால் தெருவை நிறைத்தது போருக்குப் பிறகு. புரூக்ளினில் 1937இல் தொடங்கிய பென் கூப்பர் நிறுவனம், பென்சில்வேனியாவின் காலேஜ்வில் நிறுவனம், இந்த இரண்டும்தான் பெரிய பெயர்கள். முன்பக்கம் செல்லோபேன் ஜன்னல் வைத்த அட்டைப் பெட்டி, உள்ளிருந்து முகமூடி எட்டிப் பார்க்கும். அதன் அடியில் மெல்லிய ரேயான் அங்கி மடித்து வைத்திருக்கும். முகமூடி மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி அச்சில் உறிஞ்சி எடுத்தது, இரண்டு பக்கமும் பின் அடித்த எலாஸ்டிக். அந்த எலாஸ்டிக் அறுந்து முகமூடியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகளைப் பழைய குடும்பப் படங்களில் நிறையப் பார்க்கலாம்.

இந்த உடைகளில் ஒரு விசேஷம், நெஞ்சில் அந்தப் பாத்திரத்தின் படத்தையும் பெயரையும் அச்சிட்டிருப்பார்கள். ஸ்பைடர்மேன் வேஷம் போட்ட பையனின் நெஞ்சில் ஸ்பைடர்மேனின் பெயரே இருக்கும். படத்துக்குத் தேதி சொல்ல இது ரொம்ப உதவி. ஆனால் தெருப்படங்களில் ஏதோ ஒன்று குறைந்துபோனதும் இதனால்தான் என்று எனக்குத் தோன்றும், ஏனென்றால் அதுவரைக்கும் ஒரு தெருவில் பத்துப் பிள்ளைகள் நின்றால் பத்தும் வேறு வேறாக இருக்கும்.

ஹெலன் லெவிட் என்ற பெயர் அடிக்கடி வருகிறதே, யார் அவர்?

நான் இந்த வழியில் வந்ததே அவரால்தான். 1913இல் புரூக்ளினில் பிறந்தவர், 2009 வரை வாழ்ந்தார், வாழ்நாள் முழுக்க நியூயார்க் தெருக்களை எடுத்தார். 1930களின் நடுவில் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே-பிரெஸோனைச் சந்தித்த பிறகு பழைய லைக்கா கேமரா ஒன்றை வாங்கினார். 1937இல் அரசுத் திட்டம் ஒன்றின் கீழ் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கப் போனபோது, அவர்கள் நடைபாதையிலும் சுவரிலும் சாக்பீஸால் கிறுக்கி வைத்திருந்ததைப் படம் எடுக்க ஆரம்பித்தார். கிறுக்கலிலிருந்து கிறுக்கிய பிள்ளைகளிடம் போனார். கிழக்கு ஹார்லெம், யார்க்வில், லோயர் ஈஸ்ட் சைடு, எல்லாம் அன்றைக்கு நெருக்கமான, ஏழைக் குடும்பங்கள் வாழ்ந்த பகுதிகள். வீட்டுக்குள் இடம் கிடையாது, குளிர்சாதனம் கிடையாது, தொலைக்காட்சி கிடையாது, ஆகவே பிள்ளைகளும் பெரியவர்களும் பாதி நாள் வாசல்படியில்தான்.

1940 அளவில் அவர் எடுத்த முகமூடிப் பிள்ளைகள் மூவரின் படம் உலகப் புகழ் பெற்றது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் புகைப்படத்துக்கென்று தனித் துறை தொடங்கி 1940 கடைசியில் நடத்திய முதல் கண்காட்சியில் அந்தப் படம் இருந்தது. 1943இல் அதே இடத்தில் அவருடைய குழந்தைப் படங்களுக்கென்றே தனிக் கண்காட்சி வைத்தார்கள். 1940களில் கிழக்கு ஹார்லெமில் அவரும் நண்பர்களும் எடுத்த சலனப் படக் காட்சிகளிலும் வேஷம் போட்ட பிள்ளைகள் வருவார்கள். அசையாத படத்தில் தெரியாத ஒன்று அதில் தெரியும், வேஷம் போட்ட பிள்ளை நடக்கிற நடையே மாறிவிடுகிறது.

அவர் அந்தப் பிள்ளைகளிடம் கேட்காமல் எடுத்தாராமே, அது சரியா?

பெரும்பாலும் கேட்காமல்தான் எடுத்தார். லைக்காவில் செங்கோணப் பார்வைக்கருவி ஒன்றைப் பொருத்திக்கொள்வார், அதனால் அவர் ஒரு பக்கம் திரும்பி நிற்க, கேமரா இன்னொரு பக்கத்தை எடுக்கும். இன்றைக்கு ஒருவர் பள்ளி வாசலில் நின்று இப்படிச் செய்தால் நானே போய்க் கேட்பேன். அன்றைக்குத் தெருவில் யாரும் அதைக் குற்றமாக நினைக்கவில்லை என்பது விளக்கம்தான், முழுச் சமாதானம் ஆகாது. என்னை அவர் பக்கம் சாய்ப்பது படத்தில் இருக்கும் மரியாதை. அவர் படங்களில் பிள்ளைகள் பரிதாபத்துக்காக நிற்பதில்லை, ஏழ்மையைக் காட்டுகிற சாட்சியாகவும் நிற்பதில்லை. தங்கள் விளையாட்டின் நடுவில் இருக்கிறார்கள், அவ்வளவுதான். படத்துக்குப் பெயர்கூட அவர் வைக்கவில்லை, "நியூயார்க்" என்றும் ஏறக்குறைய எந்த வருடம் என்றும் மட்டும்தான் போடுவார்.

காட்டுக்குள்ளும் பாழடைந்த வீட்டிலும் முகமூடிப் பிள்ளைகள் நிற்கும் படங்களும் ஹாலோவீன்தானா?

இல்லை. அவை பெரும்பாலும் ரால்ஃப் யூஜின் மீட்யார்டின் படங்கள். கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனில் மூக்குக்கண்ணாடித் தொழில் செய்தவர், 1972இல் இறந்தார். வார இறுதியில் தன் பிள்ளைகளையே கூட்டிப்போய், மலிவுக் கடையில் வாங்கிய ரப்பர் முகமூடியை மாட்டி, யோசித்து அமைத்து எடுத்தவை. அருமையான படங்கள், ஆனால் தெருப்படமும் இல்லை ஹாலோவீனும் இல்லை. இதே மாதிரி டயான் ஆர்பஸ் என்ற நியூயார்க் புகைப்படக்காரர் 1969க்கும் 1971க்கும் நடுவில் எடுத்த முகமூடிப் படங்களையும் "பழைய ஹாலோவீன் குழந்தைகள்" என்று போடுகிறார்கள். அந்தப் படங்களில் இருப்பவர்கள் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான விடுதிகளில் வாழ்ந்தவர்கள், பலர் வளர்ந்தவர்கள். அந்தப் படங்களைத் திகில் தொகுப்பில் சேர்ப்பது பெரிய அவமரியாதை, தயவுசெய்து செய்யாதீர்கள்.

சில வேஷங்களைப் பார்க்கவே உறுத்துகிறது. அவற்றை என்ன செய்வது?

முகத்தில் கரி பூசிக் கறுப்பின மக்களைக் கேலி செய்யும் வேஷம், சீனர் வேஷம், அமெரிக்கப் பூர்வகுடிகளின் இறகுத் தலைப்பாகை, நாடோடிப் பெண் வேஷம், இவை எல்லாம் 1960கள் வரைக்கும் சர்வசாதாரணம், கடையிலும் விற்றார்கள். ஒதுக்கி வைத்துவிட்டு அழகான படங்களை மட்டும் காட்டினால் அந்தக் காலத்தைப் பற்றிப் பொய் சொன்னதாகிவிடும். அதற்காக வேடிக்கைப் படமாகவும் போடக் கூடாது. நான் காட்டும்போது அந்த வேஷம் யாரைக் குறித்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன். படத்தில் இருக்கும் ஆறு வயதுப் பிள்ளையைக் குற்றம் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை, அதை உடுத்திவிட்டவர்கள் பெரியவர்கள்.

என்னிடம் ஒரு படம் இருக்கிறது, எந்த வருடம் என்று எப்படிச் சொல்வது?

முதலில் திருப்பிப் பாருங்கள். முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் அதிகம் பேசும். அஞ்சலட்டை வடிவில் இருந்து, தபால்தலை ஒட்டும் சதுரத்தைச் சுற்றி ஏஸோ (AZO) என்ற புகைப்படத் தாளின் பெயர் இருந்தால் மூலைகளில் இருக்கும் சின்ன முக்கோணங்களைக் கவனியுங்கள். நான்கும் மேலே பார்த்தால் சுமார் 1904இலிருந்து 1918 வரை, இரண்டு மேலே இரண்டு கீழே என்றால் சுமார் 1918இலிருந்து 1930 வரை. இது தாள் தயாரான காலம் மட்டும்தான், கடைக்காரர் பழைய தாளை வைத்திருந்து பிறகும் பயன்படுத்தியிருக்கலாம். ஓரம் அலை அலையாக வெட்டியிருந்தால் பெரும்பாலும் 1940கள், 50கள். வெள்ளை ஓரத்தில் மாதமும் வருடமும் அச்சிட்டிருந்தால் 1950களின் பிற்பகுதி அல்லது அதற்குப் பிறகு, ஆனால் அது படத்தைக் கழுவின தேதி. அக்டோபரில் எடுத்த சுருளை கிறிஸ்துமஸுக்கும் சேர்த்து எடுத்து முடித்து ஜனவரியில் கழுவக் கொடுத்த வீடுகள் ஏராளம்.

அப்புறம் வேஷம். வால் தொங்கும் ரோமத் தொப்பி போட்ட பையன்கள் கூட்டமாக இருந்தால் டேவி கிராக்கெட் என்ற வீரரின் கதை தொலைக்காட்சியில் வந்த 1955ஐ ஒட்டிய படம். மிக்கி மவுஸ் இருந்தால் 1928க்குப் பிறகு. தலையில் விண்வெளிக் கவசம் என்றால் பெரும்பாலும் 1950கள். பேட்மேன்கள் திடீரென்று பெருகியிருந்தால் 1966, அந்த வருடம்தான் பேட்மேன் தொலைக்காட்சித் தொடர் வந்தது. பின்னால் நிற்கும் காரின் நம்பர் பலகையையும் விட்டுவிடாதீர்கள், பல மாநிலங்களில் அதில் வருடம் இருக்கும்.

கணினி உருவாக்கிய போலிப் படங்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

விரலை எண்ணிப் பார்ப்பது எல்லாம் இனி உதவாது, அதை அந்தக் கருவிகள் சரி செய்துகொண்டுவிட்டன. நான் கேட்கிற ஒரே கேள்வி, இந்தப் படம் எங்கே இருக்கிறது என்பது. உண்மையான பழைய படத்துக்கு ஒரு வீடு இருக்கும். நூலகத்தில் என்றால் எண் இருக்கும், தனியாரிடம் என்றால் பின்பக்கம் இருக்கும், ஓரம் இருக்கும், மடிப்பு இருக்கும். போலிக்கு முன்பக்கம் மட்டும்தான். இன்னொன்று, போலிகளில் எல்லா முகமூடியும் ஒரே அளவு கோரமாக இருக்கும். நிஜப் படத்தில் நாலு பிள்ளைகள் நன்றாக வேஷம் போட்டிருந்தால் ஐந்தாவது பிள்ளை வெறும் ஸ்வெட்டரில் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிற்கும்.

வாங்கலாமா? ஏமாறாமல் எப்படி வாங்குவது?

வாங்கலாம், ஆனால் பின்பக்கத்தின் படம் கேட்காமல் வாங்காதீர்கள். "1920 ஹாலோவீன்" என்று சொன்ன ஒரு விற்பனையாளரிடம் அட்டையில் ஒட்டிய படம் ஒன்றை வாங்கினேன். வீட்டுக்கு வந்த பிறகு கவனித்தால் அட்டையின் பின்னால் பென்சிலில் ஒரு பள்ளி நாடகத்தின் விவரமும் மே மாதத் தேதியும் இருந்தன. அவருக்குத் தெரிந்திருக்கத்தான் வேண்டும். படம் என்னிடம்தான் இருக்கிறது, சரியான பெயரோடு.

வாங்கினதை அமிலமில்லாத தாள் உறையில் வையுங்கள், பசை தடவிய பக்கங்கள் இருக்கும் பழைய ஆல்பத்தில் வைக்காதீர்கள். பின்னால் ஏதாவது எழுத வேண்டும் என்றால் மென்மையான பென்சில் மட்டும், ஓரத்தில், லேசாக.

இந்தப் படங்களை நான் பயன்படுத்தலாமா?

பெய்ன் படங்களுக்கு உரிமைத் தடை எதுவும் தெரியவரவில்லை என்று நூலகமே குறிப்பிட்டிருக்கிறது, தாராளமாகப் பயன்படுத்தலாம், படத்தின் எண்ணையும் சேர்த்துப் போட்டால் அடுத்தவருக்கு உதவி. லெவிட், மீட்யார்ட், ஆர்பஸ் படங்களுக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள், அனுமதி கேட்க வேண்டும். யாரோ ஒரு குடும்பத்தின் ஆல்பத்திலிருந்து வந்த படம் என்றால் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், 1960களில் எடுத்ததென்றால் அந்தப் பிள்ளைகள் இன்றைக்கு உயிரோடு இருப்பார்கள். பெயரும் விலாசமும் பின்னால் இருந்தால் நான் வெளியே காட்டுவதில்லை.

எனக்கு நேரம் இல்லை, ஒரே ஒரு படம் பார்க்கிறேன் என்றால் எதைப் பார்ப்பது?

லெவிட்டின் அந்த மூன்று பிள்ளைகள். ஒரு பழைய வீட்டு வாசல், கல் படிகள். முன்னால் வந்துவிட்ட பிள்ளை முகமூடியோடு சாய்ந்து நின்று தெருவை நிதானமாகப் பார்க்கிறது, அந்தத் தெருவே தனக்குச் சொந்தம் என்கிற மாதிரி. அடுத்தது முகமூடி போட்டாயிற்று, இறங்கப் போகிறது. கதவோரத்தில் கடைசியாக நிற்கும் பிள்ளை இன்னும் தயாராகவில்லை, இரண்டு கையையும் தூக்கி முகமூடியைச் சரி செய்துகொண்டிருக்கிறது. பெரிய அளவில் கிடைத்தால் அந்தக் கைகளிலிருந்து பார்க்க ஆரம்பியுங்கள்.